ஒரே குரூப் என்றால் அண்ணன் தங்கையா

12-3-83, சனி

என் மகளையும் அவள் புருஷனையும் அண்ணன் தங்கை என்று தீர்ப்புச் சொல்லிப் பிரித்துவிட்டார்கள். நேற்று மாலை, மருமகன் ஊரில், கோயில் முன்னால், பதினோரு பேர் உட்கார்ந்து. ஆதாரம், ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த இரண்டு துண்டுச் சீட்டு. இரண்டிலும் ஓ பாசிட்டிவ். அவ்வளவுதான். இதை முதலில் எழுதி வைக்கிறேன். நாளைக்கு "நாங்க அப்படியா சொன்னோம்" என்பார்கள்.

காலையில் பனி, பத்து மணிக்கே வெயில். புளி உலுக்க இரண்டு ஆள் வந்தார்கள். அவர்களோடு சரியாகப் பேசவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், கோபத்தில் முன்பின் ஆகாமல்.

குப்பம்மாளுக்கு (இனி கு.) கழுத்தில் வீக்கம், இரண்டு வருஷமாக. இந்த வருஷம் பெரிதாகி மூச்சுக்குழலை அழுத்துகிறது. மல்லாந்து படுத்தால் இழுக்கிறது. போன வாரம் நானும் மருமகன் அண்ணாமலையும் அவளைக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டரம்மா சொன்னது: ஆபரேஷன், 24ஆம் தேதி வியாழன். அதற்கு முன் இரண்டு பாட்டில் ரத்தம், அவள் குரூப்பாகவே. 22க்குள் ஆள் வந்து கொடுக்க வேண்டும். எங்கள் மூவர் விரலிலும் குத்திப் பார்த்தார்கள். கு. ஓ. மருமகன் ஓ. நான் பி.

நர்சு என்னிடம், "பெரியவரே, உங்களுது சேராது. சேர்ந்தாலும் உங்க வயசுக்கு எடுக்க மாட்டோம்" என்றாள். மருமகனிடம், "நீ கொடுத்து வெச்சவன்யா, பொண்டாட்டிக்கும் உனக்கும் ஒரே ரத்தம்" என்றாள்.

அந்த மடையன் சந்தோஷத்தில் ஊருக்குப் போய் டீக்கடையில் இதையே சொல்லியிருக்கிறான். "எனக்கும் அவளுக்கும் ஒரே ரத்தமாம்."

எங்கள் மலையில் ஒரே வகையறாவில், அதாவது அப்பன்வழி ஒரே வம்சத்தில், பிறந்த ஆணும் பெண்ணும் அண்ணன் தங்கை. கட்டக்கூடாது. பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த முறை. டீக்கடையில் யாரோ கேட்டிருக்கிறான், "ஒரே ரத்தம்னா ஒரே வகையறா தானேடா?" இரண்டே நாள். பஞ்சாயத்து கூடிவிட்டது.

தீர்ப்பு: முறை தவறிய கல்யாணம். கு. அப்பன் வீட்டில் இருக்க வேண்டும். தாலி கோயிலில் வைக்க வேண்டும். அண்ணாமலை அவளுக்கு ரத்தம் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் தோஷம் ஊருக்கே ஒட்டும். கழுத்து வீங்கினதே முறை தவறினதால்தான் என்று ஒரு துணைத் தீர்ப்பும்.

கு. நேற்றே பேத்தியோடு வந்துவிட்டாள். தாலி கழுத்தில்தான் இருக்கிறது. கழற்றக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

13-3-83, ஞாயிறு

மருமகன் ஊருக்கு நடந்து போனேன். இரண்டு மணி நேரம். முட்டி வலி.

பஞ்சாயத்துத் தலைவரான ஊர்க்கவுண்டர் மருமகனுக்குப் பெரியப்பா. மோர் கொடுத்தார். குடிக்கவில்லை.

"வாங்க சம்பந்தி, உக்காருங்க."

"சம்பந்தின்னு எப்பிடிக் கூப்புடுவீங்க? உங்க தீர்ப்புப்படி நான் உங்களுக்குப் பங்காளியாச்சே."

சிரிக்கவில்லை. "நாங்களா சொன்னோம்? ஆஸ்பத்திரிக்காரனே எழுதிக் குடுத்துட்டான்."

"அவன் எழுதினது ஓ. வகையறா எழுதினானா?"

"ரத்தத்துல கீறதுதானே வகையறா. வேற எங்க கீது, மசுருலயா?"

இதற்கு நான்கு பேர் தலையாட்டினார்கள். எழுத்துத் தெரிந்தவன் ஒருவனும் அதில் இருந்தான்.

மருமகன் மாட்டுக் கொட்டகை ஓரம் நின்றான். என்னைப் பார்த்தான். வரவில்லை. கோழை.

திரும்பி வந்ததும் கு. கேட்டது ஒன்றே ஒன்று. "நைனா, அவுரு சாப்டாரா?" எனக்கு எரிச்சல். அதையா கேட்டுவரப் போனேன்.

15-3-83, செவ்வாய்

வீக்கத்துக்குக் காரணம் எழுதி வைக்கிறேன். நாளை மறுபடி பஞ்சாயத்து கேட்டிருக்கிறேன். பேசும்போது தடுமாறக் கூடாது.

எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. முப்பது வயதில், காட்டில் மரம் வெட்டும் கூப்பில், லாரிச் சீட்டுப் பார்த்து எழுத்துக் கூட்டிக் கற்றவன். மீதி, ஆலங்காயம் பழைய பேப்பர் கடையில் வாங்கிய பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகங்கள். ஆனாலும் டாக்டரம்மா படம் போட்டுக் காட்டாமல் நான் அறையை விட்டு எழுந்திருக்கவில்லை. வெளியே கூட்டம். "தாத்தா, போதுமா" என்றார். போதாது என்றேன். மறுபடி போட்டார்.

குரல்வளைக்குக் கீழே, இரண்டு இறக்கை விரித்த மாதிரி ஒரு சுரப்பி. தைராய்டு. அது சுரக்கும் நீர் ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகிறது. உடம்புச் சூடு, நெஞ்சுத் துடிப்பு, தின்றதை எரிப்பது, பிள்ளை வளர்வது, எல்லாவற்றுக்கும் அது வேண்டும். குறைந்தால் ஆள் மந்தம், குளிர், உடம்பு ஊதல், குரல் கரகரப்பு, எந்நேரமும் தூக்கம்.

(கு.வின் மாமியார் இரண்டு வருஷமாக அவளைத் தூங்குமூஞ்சி என்றாள். மாசி வெயிலில் கம்பளி போர்த்துகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.)

அந்த நீரைச் செய்ய அயோடின் என்ற சரக்கு வேண்டும். கடலோரம் நிறைய. மலையில் காலம் காலமாக மழை மண்ணை அரித்துக் கீழே கொண்டுபோய்விட்டது. நம் சாமையிலும் கேழ்வரகிலும் ஊற்றுத் தண்ணீரிலும் போதுமானது இல்லை.

இதுதான் முக்கியம்: மூளைக்கு அடியில் அவரைக்கொட்டை அளவு இன்னொரு சுரப்பி, பிட்யூட்டரி. அதுதான் கங்காணி. ரத்தத்தில் தைராய்டு நீர் குறைந்தால் உடனே தெரிந்துகொள்கிறது. செய், இன்னும் செய் என்று தைராய்டை விரட்டுகிறது. போதுமானது வந்துவிட்டால் தானே அடங்கிவிடும். சரக்கே இல்லாமல் தைராய்டு என்ன செய்யும்? விரட்ட விரட்டப் பெருக்கிறது. வருஷக்கணக்கில் பெருத்தால் கழலை.

ஆக என் மகள் கழுத்து சோம்பலால் வீங்கவில்லை. பாவத்தால் வீங்கவில்லை. இல்லாத சரக்கைக் கேட்டு விரட்டியதால் வீங்கியது.

ஆபரேஷனில் பெரும்பகுதியை எடுத்துவிடுவார்கள். அப்புறம் தினம் ஒரு மாத்திரை, காலையில் வெறும் வயிற்றில், ஆயுசுக்கும். மாத்திரையே அந்த நீர்தான். நன்றாக ஆகிவிட்டது என்று நிறுத்தக் கூடாது. இதை மூன்று தடவை சொன்னார்.

வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "இன்னா எழுதினு கீறீங்க, பத்திரமா?" என்றாள். "உன் பொண்ணு கழுத்து" என்றேன். "எழுதினா எறங்கிடுமா? புளி கொட்டை எடுக்காம கெடக்குது."

16-3-83, புதன்

பஞ்சாயத்து. மூன்று கேள்வி கேட்டேன்.

ஒன்று. கழுத்து வீக்கம் முறை தவறியதற்கு அடையாளம் என்றால், இந்த ஊரில் தண்ணீர் எடுக்கப் போகும் பெண்களில் எத்தனை பேர் கழுத்தில் வீக்கம்? ஊர்க்கவுண்டர் மனைவி கழுத்து என் மகள் கழுத்தைவிடப் பெரிது. அவர்கள் கல்யாணம் என்ன முறை?

பதில்: "பொம்பளைங்களை இழுக்காதீங்க." நான்தான் இழுத்தேனாம்.

இரண்டு. பதினோரு பேரும் அவரவர் மனைவியோடு கீழே வந்து விரலில் குத்திக்கொள்ளத் தயாரா? உலகத்துக்கே நாலு குரூப்தான், ஏ, பி, ஏபி, ஓ. பதினோரு ஜோடியில் ஒரு ஜோடியாவது ஒத்து வராமல் போகாது. வந்தால் அவர்களையும் பிரிப்பீர்களா?

கோயில் மணியில் காகம் உட்கார்ந்திருந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

மூன்று. இதைத்தான் பெரிய அடி என்று வைத்திருந்தேன். "என் ரத்தம் பி. என் மக ரத்தம் ஓ. நீங்க சொல்ற கணக்குல, நேத்து வந்த மருமவன் அவளுக்கு அண்ணன். பெத்த நான் அவளுக்கு யாரு?"

பின்வரிசையிலிருந்து, பெயர் எழுதத் தகுதி இல்லாதவன் ஒருவன்: "அத உங்க வூட்டம்மாவத்தான் கேக்கணும் மாமா."

சிரித்தார்கள். ஊர்க்கவுண்டரும் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அறுபத்தாறு வயதில் இதையும் நின்று கேட்டேன். எழுந்து போகவில்லை. போனால் ஒத்துக்கொண்ட மாதிரி.

நான் முறையை எதிர்க்கவில்லை என்றும் சொன்னேன். நானே இந்த மாதிரிப் பஞ்சாயத்தில் உட்கார்ந்தவன். ஒரே வகையறாவில் கட்டக்கூடாது என்றால் கட்டக்கூடாது. ஆனால் வகையறா அப்பன் முழுசாகக் கொடுப்பது. குரூப் அப்படி இல்லை. அப்பன் பாதி, ஆத்தாள் பாதி. இரண்டையும் ஒன்று என்பவன் முறையையும் அறியாதவன், ரத்தத்தையும் அறியாதவன்.

முடிவு: பங்குனி கடைசியில் சாமியிடம் பூ வைத்துக் கேட்பார்களாம். வெள்ளைப் பூ வந்தால் பார்க்கலாமாம். அதுவரை அண்ணாமலை ரத்தம் கொடுத்தால் ஊரை விட்டுத் தள்ளி வைப்பு. தண்ணீர், நெருப்பு, ஏர், எதுவும் கிடையாது.

"ஆபரேஷன் 24ஆம் தேதி. கழுத்து பங்குனி கடைசி வரைக்கும் காத்துனு இருக்காது" என்றேன்.

"சாமிக்குத் தெரியாதா?"

மருமகன் முழு நேரமும் தரையில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

வீட்டில் வந்து சொல்லவேண்டாம் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்காரிக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. கேழ்வரகு மாவு கையோடு வெளியே வந்தாள். "எவன் அவன் கேட்டவன்? அவன் ஆத்தாளுக்குப் பிரசவம் பார்த்தவ நான். அவன் எந்தப் பக்கம் நீட்டிக்கினு பொறந்தான்னு எனக்குத் தெரியும். என்னாண்ட வந்து கேக்கச் சொல்லுங்க."

கு. சிரித்தாள். சிரித்ததும் மூச்சு இழுத்தது.

18-3-83, வெள்ளி

வாணியம்பாடி கரீம் பாய் புளி எடுக்க வந்தார். பதினைந்து வருஷப் பழக்கம். தராசு மாட்டினார், என் முகத்தைப் பார்த்துவிட்டு இறக்கி வைத்தார். எல்லாம் சொன்னேன்.

புளியங்கொட்டை வைத்து அவருக்கும் வீட்டுக்காரிக்கும் விளக்கினேன். தாயக்கட்டைக்குத் தேய்க்கிற மாதிரி சிலதைத் தேய்த்து வெள்ளையாக்கினேன். ஒவ்வொருத்தரிடமும் இரண்டு கொட்டை. கறுப்பு என்றால் பி. வெள்ளை என்றால் ஒன்றுமில்லாதது. ஒரு கறுப்பு இருந்தாலே வெளியே பி தான் தெரியும், வெள்ளை மறைந்து கிடக்கும். என்னிடம் ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை. அவளிடம் குறைந்தது ஒரு வெள்ளை. பிள்ளைக்கு ஆளுக்கு ஒன்று கொடுக்கிறோம். கு.வுக்கு நான் கொடுத்ததும் வெள்ளை, அவள் கொடுத்ததும் வெள்ளை. இரண்டும் வெள்ளை, ஆகவே ஓ. நான்தான் அப்பன்.

"இத அங்க சொல்லியிருக்கலாம்ல?" வீட்டுக்காரி.

அன்றைக்குக் கொட்டை கையில் இல்லை. அதுதான் இன்றைக்கும் ஆத்திரம்.

ஓ ஆள்களின் ரத்தத்தில் ஏ, பி இரண்டையும் எதிர்க்கும் பொருள் உண்டு. என் பி ரத்தத்தை ஏற்றினால் அவள் உடம்பே அதை உடைத்துப்போடும், ஆள் போய்விடும். ஓ எல்லாருக்கும் கொடுக்கலாம், ஓவிடம் மட்டும்தான் வாங்கலாம். கொடுக்கிற கை பெரிது, வாங்கக் கதவு ஒன்றே ஒன்று. அந்தக் கதவை இவர்கள் கல் வைத்து அடைக்கிறார்கள்.

பாய் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "நானும் ஓ பாசிட்டிவ்தான் பெரியவரே. எங்க வூட்டுக்காரம்மாவும் ஓ. மூணாவது பிரசவத்துல நான்தான் குடுத்தேன். யாரும் எங்களப் பிரிக்கல."

"உங்களுக்குச் சித்தப்பா மக, பெரியப்பா மகளையும் கட்டற மொறை உண்டு. கணக்கு வேற."

"ஓ எல்லாம் அண்ணன் தம்பின்னா நான் எத்தினி பேருக்குச் சொத்து பிரிக்கறது?" என்று தாடியைத் தடவினார். "செவ்வாக்கெழம வர்றேன். ஒரு பாட்டில் என்னுது. இன்னொன்னுக்கு ஆள் கீதா?"

இல்லை என்றேன். மூத்த மகன் என்னைப் போல பி. கூப்பில் வேலை செய்யும் இரண்டு பேர் பெயர் சொன்னேன், என்ன குரூப் என்று தெரியாது. ஊசி என்றாலே ஓடுவார்கள்.

ஒரு பாட்டில் போதும் என்று டாக்டரம்மாவை ஒத்துக்கொள்ள வைக்கலாமா? கூடாது. இரண்டு என்றால் இரண்டு. கழுத்தில் ரத்தக்குழாய் அதிகம், பெருத்த சுரப்பியில் இன்னும் அதிகம் என்று அவர்தான் சொன்னார். என் மகள் மேஜையில் கிடக்கும்போது யாரும் ஆள் தேடி ஓடக்கூடாது.

கு. இன்று மதியம் உட்கார்ந்தபடியே தூங்கினாள். படுக்க முடியவில்லை. பேத்தி அவள் கழுத்தை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தது. கையைத் தட்டிவிட்டேன். அழுதது. எனக்கே என் மேல் கோபம்.

20-3-83, ஞாயிறு

ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போனேன், உப்பு வாங்க. அயோடின் கலந்த உப்பு எந்தக் கடையிலும் இல்லை. "உப்புல இன்னா கலப்பாங்க தாத்தா, சக்கரையா?" என்கிறான் ஒருவன். கல்லுப்பு மட்டும். வாங்கவில்லை.

உப்புக்கடையில் ஊர்க்கவுண்டர். நாலு முழ தூரம். நான் முகம் திருப்பவில்லை, அவர்தான் திருப்பினார்.

அப்போது மருமகன் வந்தான். கூட்டத்துக்கு நடுவே நேராக என்னிடம். எட்டு நாளாகச் சவரம் செய்யாத முகம்.

"மாமா, செவ்வாக்கெழம பஸ்ஸு எத்தினி மணிக்கு?"

நான் பதில் சொல்லும் முன் ஊர்க்கவுண்டர், "அண்ணாமல, இன்னா பேசினு கீற அங்க?"

"பஸ்ஸு கேக்கறேன் பெரீப்பா."

"எந்த பஸ்ஸு?"

"ஆலங்காயம் பஸ்ஸு. ரத்தம் குடுக்கப் போறேன்."

உப்பு அளக்கிறவன் படியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

"தீர்ப்ப மீறுறியா?"

"மீறல பெரீப்பா. நீங்க அண்ணன்னு சொன்னீங்க. அண்ணன் தங்கச்சிக்குக் குடுத்தான்னு நீங்க வெச்சிக்கோங்க. புருஷன் பொண்டாட்டிக்குக் குடுத்தான்னு நான் வெச்சிக்கறேன். பாட்டில்ல அதெல்லாம் எழுத மாட்டாங்க."

யாரோ ஒரு கிழவி, "சரியாத்தான் கேக்குறான்" என்றாள். சிரிப்பு. இந்தத் தடவை ஊர்க்கவுண்டர் பக்கம் பார்த்து.

"ஊரு சும்மா இருக்காது."

"தெரியும் பெரீப்பா."

  சொல்லிவிட்டான்.

"ஆறரைக்கு. காவலூர் வழியா" என்றேன்.  போன பக்கங்களில் அவனைக் கோழை என்று எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லை அடித்துத் திருத்த மாட்டேன். அன்றைக்கு அது உண்மை. இதுவும் உண்மை.

வீட்டில் கு.விடம் சொன்னேன்.  கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கிருந்தே, "அவுருக்கு ஊசின்னா பயம் நைனா."

21-3-83, திங்கள்

மேகம். மழை இல்லை. முட்டி வலி அதிகம்.

மருமகன் வீட்டுக்கு நேற்றே தண்ணீர்த் துறையில் தடை சொல்லிவிட்டார்களாம். ரத்தம் இன்னும் அவன் உடம்பில்தான் இருக்கிறது, அதற்குள் தண்டனை. மாடு இரண்டையும் ஓட்டிக்கொண்டு மதியம் இங்கே வந்துவிட்டான். கொட்டகையில் கட்டியிருக்கிறான். கு. அவனுக்குச் சோறு போட்டாள். இருவரும் பேசிக்கொண்டது எனக்குக் கேட்கவில்லை, கேட்கவும் போகவில்லை.

செய்ய வேண்டியவை. ஆள் பெயரோடு எழுதுகிறேன். அது என் வேலை என்று தெரியாது என்று யாரும் சொல்ல வழி இருக்கக் கூடாது.

வீட்டுக்காரி: பேத்தியையும் நாலு மாட்டையும் பார்த்துக்கொள்வது. யார் வந்து கேட்டாலும் கு. ஆஸ்பத்திரியில் புருஷனோடு இருக்கிறாள் என்று சொல்வது. புருஷன் என்ற அந்தச் சொல்லையே சொல்வது.

மூத்த மகன்: கு. கொண்டுவந்த இரண்டு சீட்டையும் டாக்டரம்மா போட்ட படத்தையும் தகரப்பெட்டியிலிருந்து எடுத்து என் பையில் வைப்பது. சாமை விதைப்புக்கு மருமகன் நிலத்துக்கு நம் ஏர். ஊரார் தடுத்தாலும் ஓட்டுவது. தடுத்தவர் பெயரை எனக்குச் சொல்வது.

கரீம் பாய்: ஆஸ்பத்திரி வாசலில் பத்து மணிக்கு. சொன்ன ஆள் வருவார். இதற்கு நான் ஒன்றும் எழுத வேண்டியதில்லை.

டாக்டரம்மா: ஒரு கடிதம் எழுதித் தரவேண்டும், கையெழுத்தும் முத்திரையுமாக. ஒரே குரூப் என்பது ஒரே வம்சம் அல்ல. தமிழில். பெரிய எழுத்தில். தரும்வரை அறையை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

ஊர்க்கவுண்டர்: தீர்ப்பை எங்கே சொன்னாரோ அங்கே, அதே பதினோரு பேர் முன்னால், வாயால் திரும்ப எடுக்க வேண்டும். பூ கேட்டு அல்ல. தன் மனைவியைக் கீழே கூட்டிப்போய்க் கழுத்தைக் காட்ட வேண்டும். அந்த அம்மாள் என்ன பாவம் செய்தார்.

பின்வரிசைக்காரன்: என் வீட்டு வாசலுக்கு வந்து, வீட்டுக்காரியிடம் மன்னிப்பு. என்னிடம் வேண்டாம்.

உப்புக்கடைக்காரர்: அடுத்த சந்தைக்குள் அயோடின் உப்பு ஒரு மூட்டை. விற்காவிட்டால் மிச்சத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

கு.: ஆபரேஷனுக்குப் பிறகு தினம் மாத்திரை. நன்றாக இருந்தாலும். நான் செத்தபிறகும்.

நான்: கடிதம் வந்ததும் பஞ்சாயத்தில் படிப்பது. தடுமாறாமல். பையில் புளியங்கொட்டை, கறுப்பு ஆறு, வெள்ளை ஆறு.

மருமகன்: நாளை ஐந்து மணிக்கு எழுந்து களி வயிறு நிறையத் தின்ன வேண்டும். வெறும் வயிற்றில் எடுக்க மாட்டார்கள். கையை நீட்டியதும் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் நான் நிற்பேன்.